தொட்டித் தெருவில் ஒரு வீடு

மதுரை,
12 ஜனவரி 2025

அன்புள்ள ஹஃப்சா லாத்தாவுக்கு, தம்பி ஹுஸைஃபா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் மச்சானும் மகள் சஃப்ரினும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தையல் மிஷினுக்கு மோட்டார் வைக்கச் சொல்லி தங்கபுஷ்பம் அக்காவிடம் கேட்டாயா?

வழக்கம்போல் இதையும் அவர்களுடைய தையல் கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். போனில் பேசலாமே என்று எங்கள் இல்லத்துச் சமூகப் பணியாளர் ஷெர்லின் மேடம் கேட்டார். ஆபீஸ் போனைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் காதுபட நிற்கும்போது எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. உன்னாலும் வீட்டில் வைத்துப் பேச முடியாது. எழுதினால் நிதானமாக யோசிக்கலாம்.

உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லை. காதில் இல்லாத குரல்கள் கேட்டு ரொம்ப நாளாகிறது. மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். காலையில் சமையல்கட்டில் காய் நறுக்குகிறேன். சமையல்கார அம்மா என்னை நம்பி அரிவாள்மனையைத் தந்ததே பெரிய விஷயம் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

போன வாரம் என் பக்கத்துக் கட்டில் செல்லப்பா அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். அவருடைய அண்ணன் மகன் காரில் வந்து கூட்டிப் போனான். அண்ணாச்சி விடிந்ததிலிருந்து இரண்டு சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் கேட் வரை போய் அனுப்பிவைத்தோம். கட்டில் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. வஸ்ஸலாம்.

உன் தம்பி,
ஹுஸைஃபா


மேலகரம்,
2 மார்ச் 2025

அன்புத் தம்பி ஹுஸைஃபாவுக்கு, லாத்தா எழுதியது.

வ அலைக்குமுஸ் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. பதில் எழுதப் பிந்திவிட்டது. கடையில் கல்யாணத் துணி குவிந்துகிடந்தது. சஃப்ரினுக்குப் பிளஸ் டூ பரீட்சை. அவள் படிப்பதற்காக முன்னறையைப் பலகை வைத்து மறித்திருக்கிறோம். இப்போது வீட்டில் ஆள் திரும்பினால் சுவரில் இடிக்கிறது. மச்சானின் உம்மா கூடத்தில் படுக்கிறார்கள். மச்சான் குற்றாலத்துப் பழக்கடையிலேயே பாதி நாள் தங்கிவிடுகிறார்.

நம் தெரு பரீது பாய் நேற்றும் உன்னை விசாரித்தார். "ஷார்ஜாக்காரன் எப்பம் வருதான்? லீவே கொடுக்க மாட்டானுவளா?" என்றார். வேலை அதிகம் என்றேன்.

நம் தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பழைய ஊழியர் குடியிருப்பு ஒன்று பூட்டிக் கிடக்குமே, ஞாபகம் இருக்கிறதா? பேரூராட்சியில் அதைப் பழுதுபார்த்துக் குறைந்த வாடகைக்கு விடப்போகிறார்களாம். யாருக்கு என்று தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நன்றாகச் சாப்பிடு. மாத்திரையை விடாதே.

லாத்தா


மதுரை,
9 மார்ச் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் நேற்று மத்தியானம் கிடைத்தது. நலம். நலமே உங்களுக்கும் உண்டாகட்டும்.

பரீது பாய்க்கு என் சலாமைச் சொல்லலாம் என்றால், எந்த ஊரிலிருந்து சொல்வது என்று தெரியவில்லை. நான் ஷார்ஜாவுக்குப் போய்விட்டேன் என்று வாப்பா தெருவில் சொல்லிவைத்தது இவ்வளவு காலம் நிற்கும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அன்றைக்கு நான் இருந்த இருப்புக்கு, வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? வருஷக்கணக்கில் வெளிநாட்டில் சம்பாதித்தவன் வெறுங்கையோடு வந்து இறங்கினால்தான் கஷ்டம்.

தொட்டிக்குப் பின்னால் அந்த வீடுகள் யாருக்கு என்று தெரிந்ததா? ஷெர்லின் மேடத்திடம் பேச்சுவாக்கில் சொன்னேன். குணமானவர்கள் தனியாகக் குடியிருக்க இப்படிச் சில ஊர்களில் வீடு ஏற்பாடு செய்கிறார்கள் என்றார். தினமும் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம். மற்றபடி அவரவர் சமையல், அவரவர் வேலை.

சும்மாதான் கேட்டேன். நீ இதற்காக அலைய வேண்டாம். சஃப்ரின் பரீட்சையைப் பார்.

உன் தம்பி,
ஹுஸைஃபா


மேலகரம்,
20 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைத்திருப்பானாக. சஃப்ரின் பரீட்சை முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறாளாம், முகத்தைப் பார்த்தால் பாதிதான் நம்பலாம்.

நீ சும்மா கேட்டதை நானும் சும்மா விசாரித்தேன். எங்கள் வார்டு உறுப்பினர் ஜெயபிரியா, தங்கபுஷ்பம் அக்காவிடம்தான் பிளவுஸ் தைக்கக் கொடுப்பாள். அளவு எடுக்கிற சாக்கில் கேட்டுவிட்டேன். மொத்தம் ஆறு வீடு. ஒவ்வொன்றும் ஓர் அறை, சின்னச் சமையலறை, குளியலறை. பாதி வீடுகள் கூலி வேலை செய்கிறவர்களுக்கும் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கும். மீதிப் பாதி, மனநோய் குணமாகியும் போக இடமில்லாதவர்களுக்கு. காலையில் ஒரு பணியாளர் வருவார். தென்காசியிலிருந்து டாக்டர் வந்து பார்ப்பதற்கும் ஏற்பாடு உண்டு. சொல்லும்போதே ஜெயபிரியாவின் குரல் தணிந்துவிட்டது. "வெளிய தெரிஞ்சா சண்டைக்கு வருவாங்கக்கா" என்றாள்.

தெரிந்துவிட்டது. இப்போது தெருவில் அதே பேச்சுதான். பெண் பிள்ளைகள் டியூஷன் போய் வருகிற பாதை என்கிறார்கள். மனை விலை இறங்கிவிடும் என்கிறார்கள். பரீது பாய் எதிர்ப்பு மனுவில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார். நம் வீட்டுக்கும் வந்தார். நான் அப்போது கடையில் இருந்தேன்.

அடுத்த மாதம் பகுதி சபைக் கூட்டத்தில் பேசி முடிவெடுப்பார்களாம். மச்சான் சீசனுக்காகக் கடைக்குக் கூரை மாற்றுகிறார். மாம்பழம் இந்த வருஷம் நல்ல இனிப்பு.

வெயிலில் அலையாதே.

லாத்தா


மதுரை,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம்தானே? எனக்கும் இறைவன் ஒரு குறை வைக்கவில்லை.

உன் கடிதத்தை மூன்று நான்கு தடவை படித்தேன். பரீது பாய் வந்தபோது நீ கடையில் இருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். மச்சான் வீட்டில் இருந்தாரா என்று எழுதவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அது தப்பே இல்லை, லாத்தா. வீட்டில் வயது வந்த பெண் இருக்கிறாள். என்னை அந்த நிலைமையில் பார்த்தவர் அவர். அவரோடு இதற்காக ஒரு வார்த்தை மனத்தாங்கலும் வேண்டாம்.

கூட்டத்துக்கு நீ போக வேண்டாம். போனாலும் பின்னால் உட்கார்ந்துவிட்டு வா.

இங்கே கத்தரிக்காய்ச் செடி வைத்திருக்கிறோம். என் பாத்தியில்தான் முதலில் பூத்தது. செல்லப்பா அண்ணாச்சியின் கட்டிலுக்குப் புதுப் பையன் வந்திருக்கிறான். சத்தம் போடுகிறான். நானும் அப்படித்தானே வந்திருப்பேன் என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்.

ஹுஸைஃபா


மேலகரம்,
15 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

நலம், நாடுவதும் உன் நலமே. சாரல் தொடங்கிவிட்டது. அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. மச்சானுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. சஃப்ரினுக்குத் தென்காசியில் காலேஜ் கிடைத்திருக்கிறது, பி.காம்.

கூட்டம் நடந்தது. எல்லோரும் பேசினார்கள். நானும் ஒரு வார்த்தை சொன்னேன். முடிவில் வீடு வேண்டாம் என்றவர்கள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். தெருவுக்கு விளக்கு கூடுதலாகப் போட வேண்டும், வருகிறவர்களைத் தெருவுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்று கேட்டார்கள். ஜெயபிரியா சம்மதித்தாள். அதன் பிறகு பேரூராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. கொத்தனார்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

விண்ணப்பம் பற்றிக் கேட்க ஷெர்லின் மேடத்துக்குத் தங்கபுஷ்பம் அக்காவின் போனிலிருந்து பேசினேன். நீ வெளியே போகலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்றார். "உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு ஹுஸைஃபாதான் கேட்டுக்கிட்டார்" என்றார்.

நீ ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியும். போனை வைத்த பிறகு ஒரு ஜாக்கெட்டைத் தலைகீழாகத் தைத்து, உட்கார்ந்து பிரித்தேன்.

விண்ணப்பம் அனுப்பிவைக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

லாத்தா


மதுரை,
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் எல்லோரையும் நினைக்காத நாள் இல்லை.

விண்ணப்பத்தை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கையெழுத்துப் போட முடியவில்லை. நான் வரவில்லை, லாத்தா.

வேண்டாம் என்று ஒரு தெருவே சொன்ன பிறகு அங்கே எப்படிக் குடியிருப்பது? விளக்கு போட்டால் வெளிச்சம்தான் வரும், மனசு வந்துவிடுமா? வருகிறவர்களைத் தெருவுக்கு அறிமுகப்படுத்துவார்களாம். என்னை யார் என்று சொல்வார்கள்? பிறகு நீ எப்படித் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பாய்? சஃப்ரினுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் தெருமுனையிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். வாப்பா எனக்காகச் சொன்ன ஒரு பொய்யை நான் வந்து உடைத்தது போலாகும்.

இன்னொன்று. எனக்குத் தனியாக இருக்கப் பயமாகவும் இருக்கிறது. இங்கே மணி அடித்தால் எழுந்திருக்கிறேன், மணி அடித்தால் சாப்பிடுகிறேன். மணி இல்லாத வீட்டில் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அந்த வீட்டை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். கோபப்படாதே.

உன் தம்பி,
ஹுஸைஃபா


குற்றாலம்,
17 ஆகஸ்ட் 2025

ஹுஸைஃபாவுக்கு, மச்சான் முகம்மது சலீம் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை உன் லாத்தா என்னிடம் காட்டினாள். இதுவரை காட்டியதில்லை. காட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அடுப்புப் பற்றவைத்தது சஃப்ரின்தான்.

கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னதாக அவள் உனக்கு எழுதியிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

சமுதாயக் கூடத்தில் வைத்துக் கூட்டம். நல்ல கூட்டம். பரீது எழுந்து ஜெயபிரியாவிடம், "யார் வீட்டுப் பைத்தியத்தையோ எங்க தெருவுல கொண்டாந்து வைப்பியளா?" என்று கேட்டார். நிறையப் பேர் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, ஆனால் மனுவில் என் கையெழுத்து இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து உன் லாத்தா எழுந்தாள். அவள் எழுவாள் என்று எனக்குத் தெரியாது. மைக்கை வாங்கவில்லை. இருந்த இடத்திலேயே நின்று சொன்னாள்.

"எங்க வீட்டு ஆளுதான் பாய். என் தம்பி ஹுஸைஃபா. அவன் ஷார்ஜாவுல இல்ல, ஒருநாளும் இருந்ததில்ல. மதுரையில ஒரு இல்லத்துல இருக்கான். சீக்குல கெடந்தான், இப்பம் சொகமாயிட்டான். மாத்திர சாப்பிடுதான், காய் நறுக்குதான், மாசாமாசம் எனக்குக் கடுதாசி எழுதுதான். அவனுக்குத் திரும்பி வர ஒரு எடம் இல்ல. அது ஒண்ணுதான் இப்பம் அவனுக்குள்ள சீக்கு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பரீது கூட்டத்தில் என்னைத் தேடினார். பிறகு, "நம்ம ஹுஸைஃபாவா? புளியங்குடி எலுமிச்சங்கா மண்டியில இருந்த பயலா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் எழுந்து, "ஆமா பாய், என் மச்சினன்தான். மனுவுல எம் பேர அடிச்சிருங்க" என்றேன். அதற்கப்புறம்தான் ஜெயபிரியா பேசியதை ஜனங்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கே பயம் முழுதாகப் போகவில்லை. புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் வைத்து உன்னைப் பிடித்தபோது என் கழுத்தை நெரித்துவிட்டாய். அது நீ இல்லை, நோய் என்று டாக்டர் சொன்னார். மண்டைக்குப் புரிந்தது, உடம்புக்குப் புரிய நாளாகிறது. ஆனால் என் பயத்துக்காக நீ அங்கேயே கிடக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

சஃப்ரினைப் பற்றிக் கவலைப்படாதே. கூட்டம் முடிந்து வந்த அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாமா எப்பம் வருவாவோ?" மாமா ஷார்ஜாவிலிருந்து ஒரு மிட்டாய்கூட அனுப்பாததிலேயே அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது.

தெருவுக்கு இனி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, எல்லாம் தெரிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. சீசன் முடிந்ததும் நானே வந்து கூட்டி வருகிறேன்.

முகம்மது சலீம்


மதுரை,
24 ஆகஸ்ட் 2025

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. கடைசி வரை படித்துவிட்டு, வெளியே போய்க் கத்தரிப் பாத்திக்கு இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றினேன். காலையில்தான் ஊற்றியிருந்தேன்.

உங்கள் கழுத்து எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் கஷ்டம். எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இப்போது தெரிந்துகொண்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு ஷெர்லின் மேடத்திடம் கொடுத்துவிட்டேன். அவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். தனியாக இருந்து பழக இங்கேயே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். வாரத்துக்கு ஒருநாள் நானே கடைக்குப் போய் வாங்கி, எனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிட வேண்டும்.

நீங்கள் வரும்போது பஸ்ஸிலேயே வரலாம், கார் வேண்டாம். லாத்தாவை எழுந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

ஹுஸைஃபா


மேலகரம்,
19 அக்டோபர் 2025

அன்புத் தம்பிக்கு,

அல்ஹம்துலில்லாஹ். இதை அவசர அவசரமாக எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. மூன்றாம் வீடு உனக்கு ஒதுக்கியாகிவிட்டது. இன்றைக்குத்தான் உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். சுண்ணாம்பு வாசம் அடிக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது, மேகம் இறங்கியிருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் வீட்டில் சங்கரம்மாள் என்று ஓர் ஆச்சி வந்துவிட்டார்கள். மகன் இல்லை, வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். உன்னைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கேஸ் அடுப்பு பத்தவைக்கத் தெரியுமா அந்தத் தம்பிக்கு? எனக்குப் பயமா இருக்கு" என்றார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. தினமும் வந்து பார்க்கப்போகிறவர் பிச்சுமணி என்ற பையன். ஷெர்லின் மேடத்தோடு போனில் பேசி உன் மாத்திரை விவரமெல்லாம் தெரிந்துவைத்திருக்கிறான்.

தங்கபுஷ்பம் அக்கா ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தார்கள். பரீது பாய் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியும் குவளையும் வந்தது. அவர் நேரில் வரவில்லை, மகனிடம் கொடுத்துவிட்டார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருகிறார். எந்தச் சட்டை போடுவது என்று யோசிக்காதே. எதைப் போட்டாலும் சரி.

லாத்தா


ஹுஸைஃபா,
மூன்றாம் வீடு, தொட்டித் தெரு,
மேலகரம்,
7 டிசம்பர் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீ நலம் என்பதை நேற்றுக்கூடப் பார்த்தேன்.

ஒரே தெருவில் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறான் என்று நீ சிரிப்பாய். நேரில் பேச உட்கார்ந்தால் எனக்கு இதெல்லாம் வராது. இந்தத் தடவை கடைக்கு அனுப்பாமல் உன் வீட்டு விலாசமே எழுதியிருக்கிறேன்.

பழகிக்கொண்டு வருகிறேன். முதல் வாரம் சோறு இரண்டு முறை அடிப்பிடித்தது. பிச்சுமணி காலையில் வந்து, தூங்கினீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுவிட்டு ஒரு டீயும் குடித்துவிட்டுப் போகிறான். ஆச்சிக்கு அடுப்புப் பற்றவைத்துக் கொடுக்கிறேன், அவர்கள் ரசம் கொடுக்கிறார்கள். வாரத்தில் நான்கு நாள் மச்சான் கடையில் பழம் தரம் பிரிக்கிறேன். என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போகிறவர்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். போகட்டும். பரீது பாய் பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் நின்று தொழுதார். வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே, "சொகமா இருக்கியாலே?" என்று கேட்டார். இருக்கேன் என்றேன்.

எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக.

இல்லத்தில் அறைக்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. எங்கள் நல்லதுக்காகத்தான், குறையாகச் சொல்லவில்லை. யாரும் எந்த நேரமும் உள்ளே வருவார்கள். குளித்துவிட்டு வரும்போது, தூங்கும்போது, அழும்போது. வருஷங்களாக அப்படி இருந்ததில் எனக்கு அது தெரியாமலே போய்விட்டது.

முந்தாநாள் சாயங்காலம் நீ மீன் குழம்பு கொண்டு வந்தாய். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. தள்ளினால் திறந்திருக்கும், உனக்கும் அது தெரியும். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. நீ தட்டினாய்.

நான் சட்டையைத் தேடிப் போட்டேன். பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். யாரு என்று கேட்டேன். அவ்வளவு நேரமும் நீ வெளியே நின்றுகொண்டிருந்தாய்.

"நான்தாம்லே. உள்ள வரலாமா?" என்று கேட்டாய்.

"வா லாத்தா" என்று சொல்லிக் கதவைத் திறந்தேன்.

இதைத்தான் எழுத நினைத்தேன். நாளைக்கும் வா.

உன் தம்பி,
ஹுஸைஃபா